பெங்களூரில் ஒரு பழைய ஜாவா

மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் பெங்களூர்க் கொல்லைப்புறங்களில் இன்னும் துருவேறிக் கிடப்பதைக் காணலாம். தந்தையார் ஓட்டிய வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்தல் வேண்டும்.

முதலில் பதிவுச் சான்றிதழைத் தேடுக. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அது தந்தையார் பெயரிலேயே இருப்பின் வாரிசின் பெயருக்கு மாற்றவும் வேண்டும். ஏடின்றிச் செலவிடும் பணம் வீணே.

நெடுநாள் நின்ற வண்டியை உடனே உதைத்தல் தகாது. சிலிண்டரினுள் பிஸ்டன் ரிங்குகள் துருவால் ஒட்டியிருக்கக்கூடும்; வலிந்து உதைத்தால் ஒடிந்துவிடும். பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறியபின் மெல்லத் திருப்பிப் பார்ப்பதே முறை. பெட்ரோல் டாங்கின் துருவைப் போக்காவிடில் கார்புரேட்டர் அடைபடும். இது டூ ஸ்ட்ரோக் இயந்திரம். பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்தால், பட்ட பாடெல்லாம் ஒரே நாளில் பாழ்!

உதிரிப் பாகங்களுக்கு ஜே.சி. ரோட்டுக்கும், நம் மொழி தாராளமாகக் காதில் விழும் சிவாஜி நகர்ச் சந்துகளுக்கும் செல்லலாம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குதல் நலம். 2018-இல் ஜாவா என்னும் பெயர் மீண்டும் சந்தைக்கு வந்ததென்று மகிழ்ந்து புதிய வண்டியின் பாகங்களைக் கேட்பாரும் உளர். அவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் பிஸ்டன் இதற்குப் பொருந்தாது.

உதைகோலே கியர்கோலாகவும் மாறும் இவ்வண்டியின் விந்தையை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.