மண் செய்கிறவர்கள்

சிங்கப்பூரில் சமூகத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் கீரைப் பாத்தியையும் பந்தலையும்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாகற்கொடி, நீளப் பயறு, வேலியேறிப் பூத்திருக்கும் சங்குப்பூ என்று கண்ணுக்குக் குறைவில்லை. பின்மூலையில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கும் மூன்று மரப்பெட்டிகளை எட்டிப் பார்ப்பவர் அரிது. ஈசூனில் நான் அடிக்கடி போய்வரும் தோட்டத்துக்கு அந்தப் பெட்டிகளில்தான் உயிர் இருக்கிறது. அங்கே இவர்கள் மண் செய்கிறார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளுக்கு நடுவே கிடைக்கிற நிலம் பயிருக்கென்று விட்டுவைத்தது அல்ல. கட்டடம் எழும்பிய காலத்தில் கொட்டி, சமப்படுத்தி, ரோலர் ஓட்டி இறுக்கிய செம்மண். கடப்பாரை போட்டால் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் வருகின்றன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, மேலே போட்ட சத்தையெல்லாம் கரைத்து வடிகாலுக்கு அனுப்பிவிடுகிறது. கடையில் மண் மூட்டை வாங்கலாம். விலையும் கூடுதல், ஒரு மழைக்காலம் போனால் பாத்தியில் பாதிதான் மிஞ்சும். அதனால் பலகை அடித்துப் பாத்தியை உயர்த்துவது, அதை நிரப்பும் மண்ணைத் தாங்களே ஆக்கிக்கொள்வது என்று தொடக்கத்திலேயே இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

தோட்டத்தின் பொறுப்பாளர் எண்பதை நெருங்கும் பெரியவர். செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி. 1968-ல் அந்தத் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. 1971-ல் படைகளும் கிளம்பிவிட்டன. தளத்தில் வேலை பார்த்த பல குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. இவர்கள் தங்கிவிட்டார்கள். அதே பட்டறையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இவர். இரும்பின் சூட்டைக் கையால் அறிந்த மனிதர், இப்போது குப்பையின் சூட்டையும் அப்படியே அறிகிறார்.

அவர் செய்யும் சூட்டுச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெட்டி ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். அதற்குக் குறைந்தால் உள்ளே சூடு தங்காது. விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பி ஒன்றைக் குவியலின் நடுவில் அடிவரை செருகி விட்டுவிடுகிறார். செடிகளை ஒரு சுற்று பார்த்து வந்தபின் கம்பியை உருவி, அடிமுனையை உள்ளங்கையில் பிடிக்கிறார்.

“மூணாம் நாள் இந்தக் கம்பியப் பிடிக்க முடியக்கூடாது தம்பி. பிடிச்சுக்கிட்டே நின்னு பேச முடியுதுன்னா உள்ள ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம்.”

நானும் பிடித்துப் பார்த்தேன். உடனே விட்டுவிட்டேன். நன்றாக அடுக்கிய குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். சில நாள் அந்தச் சூட்டில் கிடந்தால் களை விதையும் நோய்க்கிருமியும் அழிந்துவிடும். இத்தனை சூட்டையும் உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தீனி இரண்டு வகை. காய்ந்த இலை, கரும்புச் சக்கை போன்றவற்றில் கரிச்சத்து அதிகம். பச்சைக் கழிவில் தழைச்சத்து அதிகம். கரி 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று நூல்கள் சொல்கின்றன. பெரியவர் கூடைக் கணக்கு வைத்திருக்கிறார்: மூன்று கூடை இலைக்கு ஒரு கூடை பச்சை. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிவார். விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் இலை சேர்க்க வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூக்கைப் பிடுங்கும் காரநெடி வந்தால் பச்சை கூடிவிட்டது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் தவிக்கிறது, உடனே புரட்டியாக வேண்டும். புரட்டுகிற நாளில் பெட்டியைத் திறந்து, முள்வாரியால் அள்ளி அள்ளி அடுத்த பெட்டிக்கு மாற்றுகிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் முறைவைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. பார்க்கிறவனுக்கே இடுப்பு வலிக்கும்.

பச்சைக் கழிவு சேர்ப்பது ஒரு சீன ஆன்ட்டியின் பொறுப்பு. பல காலம் ஈரச்சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு முட்டைக்கோசின் மேலிலை உரிப்பார்கள், எந்தக் கோப்பிக்கடையில் சக்கையைத் தனியே வடித்து வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உணவங்காடி நிலையத்துக் கரும்புச்சாறு கடையிலிருந்து சக்கை மூட்டையும் வருகிறது. சமைத்த சோறு, இறைச்சி, மீன் எதையும் உள்ளே விடமாட்டார். எலி வந்தால் தோட்டமே போய்விடும் என்பது அவர் பயம். அவரும் பெரியவரும் பேசிக்கொள்வது பாசார் மலாயில். கம்பம் எனும் கிராமக் குடியிருப்புகளின் காலத்தில் பக்கத்து வீடுகளை இணைத்த அந்தச் சந்தை மலாய் இங்கே எருப்பெட்டி ஓரத்தில் இன்னும் புழங்குகிறது. பாகற்காய்ப் பந்தலைக் கவனிக்கும் மலாய் மக்சிக் (ஆன்ட்டி) சேர்ந்துகொண்டால் பேச்சு இன்னும் களைகட்டும். அவர் ஒவ்வொரு பிஞ்சுக்கும் செய்தித்தாளில் உறை செய்து மாட்டிவிடுகிறார். பழ ஈ முட்டையிடாமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

பச்சை கிடைப்பது எளிது. இலைதான் கடினம், அதுவும் சுத்தமான இலை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பவரின் பெயர் தோட்டத்து அறிவிப்புப் பலகையில் இல்லை.

அரியலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். நகர மன்றத்தின் துப்புரவுப் பணியை எடுத்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. விடிவதற்குமுன் புளோக்குகளைச் சுற்றிப் பெருக்கத் தொடங்குகிறார். கார் நிறுத்துமிடத்தை ஒட்டித் தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் சிற்றிலை சீக்கிரம் மட்கும். மகோகனி இலை தடித்தது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் அவர் தனித்தனி மூட்டையாகக் கட்டுகிறார். அதற்குமுன் இலைக்குவியலைத் தரையில் விரித்து உட்கார்ந்து சிகரெட் துண்டு, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் உறை, பாட்டில் மூடி எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கிறார். விரல்கள் பார்க்கிற வேலை, கண் வெறுமனே துணைக்கு. ஒரு மூட்டையை முழுதாகப் பிரித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிகரெட்டின் வடிகட்டிப் பஞ்சு இலையின் நிறத்திலேயே இருக்கிறது. மழையில் ஊறியபின் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவர் தொட்டுப் பார்த்துத் தூக்கிப் போட்டார்.

“எங்க ஊர்ல எருக்குழியில கண்ணாடி கிடந்தா அம்மா திட்டும்ணே. வயல்ல கால்ல குத்தும்ல. அதே பழக்கம்தான்.”

இந்தப் பிரிப்பு வேலைக்கு அவருக்குக் கூலி கிடையாது. வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே வந்து செய்கிறார். தோட்டத்தார் கீரையும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கட்டிக் கொடுக்கிறார்கள். தங்கும் விடுதியில் கூட்டாகச் சமைப்பவர்களுக்கு அது உதவிதான். ஆனாலும் அது கூலி ஆகாது.

இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று பார்க்க, இங்கே குப்பை போகிற வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-ல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 7,55,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடுதான். மற்றது மற்ற குப்பையோடு எரிஆலைக்குப் போகிறது. எரித்த சாம்பலைப் படகில் ஏற்றித் தெற்கே புலாவ் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். நாட்டுக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம் அது. 1999-ல் திறந்தது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசே சொல்லியிருக்கிறது. முட்டைக்கோசு இலையில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் தீயில் போட்டு ஆவியாக்கி, மிஞ்சும் சாம்பலைக் கடல் தாண்டி அனுப்புவதைவிட, அதே புளோக்குக்குக் கீழே இரண்டு மூன்று மாதத்தில் மண்ணாக்கிவிடலாம் என்பதை இந்த மூன்று பெட்டிகள் காட்டுகின்றன. நிரப்பிய குவியல் மூன்றில் ஒரு பங்காக வற்றிவிடும். சலித்து எடுக்கையில் கறுத்து, பொலபொலவென்று, முதல் மழை பெய்த நிலத்தின் மணத்தோடு இருக்கிறது.

சமூகத் தோட்டங்கள் உணவுக்காகத்தான் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் மேஃபேர் பார்க் குடியிருப்பில் முதல் தோட்டத்தோடு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது தீவு முழுதும் ஏறத்தாழ 2,000 தோட்டங்கள். 2020-ல், கிருமிப் பரவல் காலத்தில், 4 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பினார்கள். ஆனால் உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு இது. 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-ல் அறிவித்த இலக்கையே 2025 நவம்பரில் மாற்ற வேண்டியதாயிற்று. முதலீடு கொட்டிய பண்ணைகளாலேயே எட்ட முடியாததை நாலு பாத்தி எட்டாது. தோட்டத்தை எத்தனை கிலோ விளைந்தது என்று அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எத்தனை மூட்டை கழிவு எரிஆலைக்குப் போகாமல் நின்றது, எத்தனை பேருக்கு அதை நிறுத்தும் கைப்பழக்கம் வந்தது என்று அளக்கலாம். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இப்போதைக்கு முதியவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும்தான்.

இந்த ஊரில் எருக்குவியல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. மேலே முதல் மாடியில் யாராவது ஒருவர் நாற்றம் என்று புகார் கொடுத்தால் போதும், பெட்டியை எடுத்துவிடச் சொல்லி ஓலை வந்துவிடும். அதைவிடப் பெரிய கவலை கொசு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஒரு மூடி தண்ணீர் தேங்கினாலும் அதற்கு இடம். மழைக்குத் தார்ப்பாய் போட்டால்தான் குவியல் ஊறிப்போகாமல் இருக்கும். அந்தத் தார்ப்பாயின் மடிப்பில்தான் தண்ணீர் தேங்கும். பெரியவர் பெட்டியின் நடுவில் துடைப்பக் கட்டை ஒன்றை நட்டு, பாயைக் கூடாரம்போல் சரித்து, நான்கு ஓரத்திலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எங்கும் மடிப்பே விழாது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மின்தூக்கியில் இறங்கி வந்து பாயை ஒருமுறை உதறிவிட்டுப் போகிறார். இரவு மழையானாலும் வருகிறார்.

விளைச்சலைப் பங்கிடுவதில் முன்பு சண்டை வந்ததுண்டாம். வேலிக்குப் பூட்டு போட்டதும் வெளியாருக்குக் கோபம். திறந்து வைத்தால் உழைத்தவர் பார்க்குமுன் மிளகாய் காணாமல் போகிறது. கடைசியில் கறிவேப்பிலை, பாண்டான், எலுமிச்சைப்புல், முருங்கை நான்கையும் வேலிக்கு வெளியே நட்டார்கள். யாரும் யாரையும் கேட்காமல் ஒடித்துக்கொள்ளலாம். உள்ளே விளைவது ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்து மேசைக்கு வரும். வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்கள் முதலில் எடுப்பார்கள், பிறகு மற்றவர்கள். அதற்குப் பின் பெரிய சச்சரவு எதுவும் இல்லை.

நான் கடைசியாகப் போனபோது அரியலூர்த் தம்பி இல்லை. ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டது. அவரை வேறு பேட்டைக்கு அனுப்பிவிட்டார்களாம். புதிதாக வந்திருப்பவர் பங்ளாதேஷ்காரர், இளவயது. அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயும் தெரியாது. எல்லா இலையையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி, குப்பைத் தொட்டி நிலையத்தில் சேர்த்துவிடுகிறார். அவர்மேல் தப்பு இல்லை. அவரிடம் சொல்லப்பட்ட வேலை அதுதான். இரண்டு பெட்டிகள் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தன. பச்சைக் கழிவைச் சேர்க்க வழியில்லாமல் ஆன்ட்டி சந்தைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்.

ஒரு தொழிலாளியின் நல்ல மனத்தை நம்பித் தோட்டம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்பது என் வாதம். இலையைத் தரம் பிரிப்பது கைத்தேர்ச்சி வேண்டிய வேலை. நகரம் தன் கழிவைக் குறைக்க நினைத்தால், அந்த வேலையைத் துப்புரவு ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாக எழுத வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், தனிக் கூலி கொடுக்க வேண்டும். எலி, கொசு ஆகிய இரண்டுக்கும் விதி வகுத்த நகரத்துக்கு இது பெரிய காரியம் அல்ல. இதைச் சொன்னபோது பெரியவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சொல்றது சரி. யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்னு சொல்லு.”

குடியிருப்பாளர் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. பக்கத்து இரண்டு தோட்டக்காரர்களும் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆண்டுக்கு எத்தனை மூட்டை இலை, எத்தனை கூடை சக்கை என்ற கணக்கு ஆன்ட்டியின் நோட்டுப் புத்தகத்தில் சீனத்தில் இருக்கிறது. அவருடைய பேத்தி அதை எடுத்தெழுதித் தருகிறாள். மனு எழுதுவது என் வேலை. அதுவரை பெரியவரும் மக்சிக்கும் காலையில் துடைப்பத்தோடு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய், அந்தப் பங்ளாதேஷ் இளைஞர் பெருக்கிக் குவித்த இலையில் பாதியைத் தரையில் விரித்து, அவருக்குக் கையால் காட்டிக்கொடுக்கிறார்கள்.