அப்பாவைப் பற்றி மூணு பக்கம்

2023 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூலர் இரைச்சலுக்கு நடுவே ஊரிலிருந்து அம்மாவின் போன்.

"எய்யா, லைப்ரரியில இருந்து வந்திருந்தாவ. வாசகர் வட்டத்துல மலர் போடுதாவளாம். அப்பாவைப் பத்தி மூணு பக்கம் வேணுமாம். எம்மவன் எழுதுவான்னு சொல்லிட்டேன்."

"இதென்னம்மா பெரிய விஷயம்? அடுத்த ஞாயித்துக்கிழமை அனுப்பிருதேன்" என்றேன்.

அனுப்பியது நவம்பரில். நடுவில் ஐந்து மாதம் நான் பட்ட பாடுதான் இந்தப் பதிவு.

அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். 2022 டிசம்பரில் போய்விட்டார். நான் இருபத்தி சொச்சம் வருடமாகத் தில்லியில் கணக்குத் தணிக்கை வேலை. மயூர் விஹாரில் வீடு, மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். வருடம் முழுக்க ஆயிரம் பக்கத்துக்குக் குறையாமல் ரிப்போர்ட் எழுதுகிறவன். மூணு பக்கம் வரவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? என் மனைவியே நம்பவில்லை. சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

முதல் ஞாயிறு உட்கார்ந்தேன். 'அப்பா 1944-ஆம் ஆண்டு பிறந்தார்' என்று தட்டினேன். படித்துப் பார்த்தால் பயோடேட்டா மாதிரி இருந்தது. அழித்தேன். 'அமைதியான மனிதர்' என்று ஆரம்பித்தேன். எந்த இரங்கல் கட்டுரையில்தான் அமைதியில்லாத மனிதர் வருகிறார்? அதையும் அழித்தேன். டீ போட்டேன். மேஜையைத் துடைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்க்ரீனில் இருந்தது தலைப்பு மட்டும்.

இதற்கு நம் ஊரில் தனியாகப் பெயர் கிடையாது. 'எழுத ஓடலை' என்போம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ரைட்டர்ஸ் பிளாக் என்கிறார்கள். இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனோதத்துவ மருத்துவர். ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போனவர். 1940களில் இதைப் பற்றி நிறைய எழுதினார். அவர் சொன்ன காரணம், கைக்குழந்தையாக இருந்தபோது தாய்ப்பாலுக்கு ஏங்கிய கோபம் உள்ளே தங்கிவிட்டது என்கிற ரீதியில் போகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரியுமாதலால் சொல்லவில்லை.

(எழுதுவதை விட்டுவிட்டு எழுத முடியாமை பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். வேலையைத் தள்ளிப்போட இதைவிட கௌரவமான வழி கிடையாது.)

அந்தத் தேடலில் கிடைத்த ஒன்று வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது. 1974-இல் டென்னிஸ் அப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் எழுத்துத் தடைக்குத் தானே வைத்தியம் செய்து தோற்ற கதை என்று தலைப்பிட்டு, நிஜமான ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள். ஒரு வரி கிடையாது. அதைப் பரிசீலித்தவர், எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை, அப்படியே போடலாம் என்று சிபாரிசு செய்திருந்தார். என் நிலைமைக்கு இவர்தான் குலதெய்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெமிங்வேயின் யோசனை ஒன்றும் பிரசித்தம். அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும், மறுநாள் தொடங்குவது சுலபம் என்பார். அருமையான யோசனைதான். முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும் என்பதுதான் ஒரே சிக்கல்.

உண்மையிலேயே எனக்கு உறைத்தது மைக் ரோஸ் என்பவரின் 1980 கட்டுரை. லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரி மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தவர். பத்து மாணவர்களை எடுத்துக்கொண்டார். ஐந்து பேர் திணறுகிறவர்கள், ஐந்து பேர் சரளமாக எழுதுகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை. திணறுகிறவர்கள் எங்கோ கற்ற விதிகளைக் கல்வெட்டாக வைத்திருந்தார்கள். ஒரு மாணவி, ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணச் சுத்தமாக வந்து விழ வேண்டும் என்று நம்பினாள். இன்னொருத்தி நாட்கணக்கில் திட்டம் போட்டே ஓய்ந்து போனாள். மற்ற ஐந்து பேருக்கும் விதிகள் தெரியும், ஆனால் வசதிப்படாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த முதல் மாணவி நான்தான். என் விதியை எனக்குப் போட்டவர் யார் என்றும் தெரிந்தது. அப்பாதான்!

2001-இல் தில்லி வந்த புதிதில் வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவேன். செல்போன் கைக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் இது நடந்தது. அப்பா பதில் எழுதும்போது என் கடிதத்தையும் கூடவே கவரில் வைத்துத் திருப்பி அனுப்புவார். சிவப்பு மை சுழியோடு. 'வந்துப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தால், 'இந்தப் ப் எங்கிருந்து வந்தது? வந்து பார்த்தேன் போதும்' என்று ஓரத்தில் குறிப்பு. 'கேட்டு கொண்டேன்' என்றால் ஒரு க் சேர்த்திருப்பார். 'டெல்லி' என்று எழுதினால் அடித்துத் 'தில்லி'. எனக்குச் சளி, காய்ச்சல் என்று எழுதிய கடிதத்தில்கூட ஒற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் கஷாயம் சொல்வார். அப்போது கோபம் கோபமாக வரும். பக்கத்து அறை நண்பர்களுக்கு அது பொழுதுபோக்கு.

இப்போது அந்த மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எழுத்துக்கு எழுத்து அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். 'அப்பாவைப் பற்றி' என்று தட்டிவிட்டு, ப் சரிதானே என்று ஐந்து நிமிடம் யோசிக்கிறேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் புழங்கிப் புழங்கித் தமிழ் கையை விட்டுப் போயிருக்கிறது. ழகரம் ளகரம்கூடச் சந்தேகம். வாக்கியம் பாதியில் நிற்க, அகராதி தேடி, திரும்பி வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

என் தொழில் கொடுத்த விதி ஒன்றும் கூடச் சேர்ந்துகொண்டது. தணிக்கை ரிப்போர்ட்டில் 'நான்' என்பதே வரக்கூடாது. கண்டறியப்பட்டது, கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது, இப்படித்தான். பெற்ற அப்பாவைப் பற்றி 'நான்' இல்லாமல் எழுதினால் பயோடேட்டா வராமல் வேறென்ன வரும்?

சரி, காரணம் தெரிந்துவிட்டது, இனி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஒற்றைப் பற்றிக் கவலைப்படாதே, 'நான்' போட்டுக்கொள் என்று எனக்கு நானே உத்தரவு போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பத்தி ஓடியது. நின்றது. மறுபடி இன்னொரு ஞாயிறு, மறுபடி நின்றது. செப்டம்பர் முடிவதற்குள் ஐந்து ஃபைல் சேர்ந்துவிட்டன.

அக்டோபரில் ஒரு ராத்திரி ஐந்தையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்தில் இடித்தால், கூட்டல் தப்பு என்று அர்த்தமில்லை. அங்கே யாரோ எதையோ மறைக்கிறார்கள். ஐந்து ஃபைலும் நான் தில்லிக்குக் கிளம்பிய இடத்தில் நின்றிருந்தன. அதைத் தாண்டினால் 2022 வரும். 2022 வந்தால் அக்டோபர் வரும்.

அந்த அக்டோபரில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அப்பா போன் செய்தார். சாதாரணமாக அம்மாதான் பேசுவாள். அவர் போனைக் கையில் வாங்குவதே அபூர்வம். "தீபாவளிக்கு ஒரு நடை வந்துட்டுப் போயேம்ல" என்றார். எங்களுக்கு வரிக்கணக்கு முடிக்கிற சீசன். "இப்ப முடியாதுப்பா, பொங்கலுக்கு எல்லாரும் வாரோம்" என்றேன். "சரி, வேலையைப் பாரு" என்றார். பொங்கலுக்கு அவர் இல்லை. சென்னையில் விமானம் மாறி, மதுரையில் இறங்கி, கார் பிடித்துப் போனபோது வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குக்கூட அப்பா கூப்பிட்டது தெரியாது. நூலக மலரில் இதை எப்படி எழுதுவது? இதை எழுதாமல் மற்றதை எப்படி எழுதுவது?

தீபாவளி முடிந்த வாரம், மகள் தமிழ் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தோழிக்குக் கடிதம். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான், ஆனால் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்படிடா இவ்வளவு வேகமா எழுதறே?"

"முதல் ரெண்டு வரி யோசிக்கவே வேண்டாம்ப்பா. நலம், நலமறிய ஆவல். மிஸ்ஸே குடுத்துட்டாங்க. அதை எழுதறதுக்குள்ள மூணாவது வரி வந்துரும்."

நம் பெரியவர்கள் வெற்றுத்தாளைச் சும்மா விடவில்லை பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் ஊர், தேதி, நலம், நலமறிய ஆவல். எழுத ஆரம்பிக்கும் முன்னாலேயே தாளில் நாலு வரி இருக்கும். நான் வாராவாரம் ஒரு சிக்கலும் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தது இந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான்.

அன்று ராத்திரி அவளுடைய ரஃப் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் வேண்டாம், பேனா. பிள்ளையார் சுழி போட்டேன். தில்லி என்று எழுதினேன். அன்புள்ள அப்பாவுக்கு, நலம்.

அடுத்த வார்த்தையில் கை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, 'நீங்கள் நலமா என்று கேட்க முடியாது. அம்மா நலம். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறாள்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை.

'உங்களுக்கு நினைவிருக்கும்' என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக வந்தது. கிழிந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மைதா பசை காய்ச்சி ஒட்டியது, பசை காயும் வரை என்னை அதன்மேல் உட்கார வைத்தது. போட்டிக் கூப்பனுக்காக வார இதழைக் கிழித்த பையனைப் பிடித்து, திட்டாமல், தேதி முத்திரை குத்துகிற வேலையைக் கொடுத்தது. தொலைந்து போன புத்தகத்துக்கு ஒரு கூலித் தொழிலாளியிடம் பணம் கேட்க மனமில்லாமல் தன் சம்பளத்தில் கட்டிவிட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை நூலக விடுமுறையிலும் சாவியோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றைத் திருத்தாமல் எழுதினேன். திருத்துகிறவருக்கே எழுதும்போது நான் எதற்குத் திருத்த வேண்டும்? அக்டோபரும் வந்தது. மூன்றாம் பக்கம் முழுக்க அதுதான். முடிக்கும்போது மணி இரண்டு.

அடுத்த இரண்டு நாளில் டைப் செய்தேன். 'நீங்கள்' வந்த இடத்தில் எல்லாம் 'அப்பா' என்று மாற்றினேன், நினைவிருந்த வரைக்கும் ஒற்றையும் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியே வாட்ஸ்அப்பில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அனுப்பினேன். அவன் கடையில் பிரிண்ட் எடுத்து அம்மா கையில் கொடுத்தான்.

இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

"ரெண்டு தடவை படிச்சேன்யா. லைப்ரரிக்காரங்க வந்து வாங்கிட்டுப் போனாவ. முத ரெண்டு பக்கத்தைக் குடுத்தேன். மூணாவது எங்கிட்ட இருக்கு."

"ஏம்மா, மலர்ல இடம் இல்லையாமா?"

"இடமெல்லாம் இருக்கு. அது லைப்ரரிக்கு எழுதினது இல்லையே."

நான் ஒன்றும் பேசவில்லை. அம்மாவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"அப்புறம், ரெண்டாம் பக்கத்துல 'வந்துப் பார்த்தேன்'னு போட்டிருக்கே. அப்பா பாத்தா விடுவாவளா? நானே பேனாவால அடிச்சிட்டுத்தான் குடுத்தேன்" என்றாள்.