அலைகளின் நடுவே ஒரு சிற்றாலயம்

பிரான்சு நாட்டின் மேற்கே, ஜிரோந்து ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், கரையினின்று ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் கொர்துவான் கலங்கரை விளக்கம் நிற்கின்றது. கடல் வற்றும்போது மணல்திட்டு தலைகாட்டும். பெருகும்போது சுற்றிலும் நீரே.

1584-இல் லூயி தெ ஃபுவா என்னும் பொறிஞர் தொடங்கிய பணி, அவர் மறைந்த பின்னரே 1611-இல் முற்றுப்பெற்றது. அரசருக்கென ஓர் அறை அமைத்தார்கள். எந்த அரசரும் அங்கு வந்து தங்கவில்லை. அதற்கு மேல்தளத்திலோ தேவ அன்னையின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1788-இல் கோபுரத்தை உயர்த்த முற்பட்ட தெலேர் என்பார், அதனை இடிக்கவில்லை; அதன் மேலேயே கட்டி, கோபுரத்தை ஏறத்தாழ 20 மீட்டர் உயர்த்தினார். ஃபிரெனெல் கண்ட புதுவகை வில்லை 1823-இல் முதன்முதல் ஒளிவீசியதும் இங்கேதான்.

2006-இல் விளக்கு தானியங்கியாயிற்று. 2012-இல் அரசின் காவலர்கள் விடைபெற்றார்கள். விளக்குக்கு ஆள் வேண்டாம். கல்லுக்கு ஆள் வேண்டுமே! ஆகவே அவ்வட்டார உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு வேறு காவலர்களை அமர்த்தியது. அவர்கள் இன்றும் முறைவைத்துத் தங்கிக் காக்கின்றார்கள். உப்புக்காற்றும் அலையும் அரித்த கற்களைப் பெயர்த்துப் புதுக்கற்கள் பதிக்கப்பட்டன, சிற்றாலயமும் செப்பனிடப்பட்டது. 2021-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆயினும் கடல் ஓய்வதில்லை. ஒரு தலைமுறை பதித்த கல்லை அடுத்த தலைமுறை மாற்றியே ஆகவேண்டும். பழையதை இடிப்பதே வளர்ச்சி என்று நாம் எண்ணும்போதெல்லாம், சிற்றாலயத்தைக் காத்து அதன்மேல் கோபுரம் எழுப்பிய தெலேரை நினைவுகூர்வோமாக.