பட்டுக்குப் பிறந்த வீடு

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு ரகம். கோயில் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். புடவை வாங்கப் போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தார் திரும்பும்போது கையில் ஒரு புடவைப் பெட்டி இருக்கும். இரண்டாம் ரகத்தார் கடைக்குப் போகிற வழியிலேயே கோபுர தரிசனத்தை முடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது மூன்றாவது ரகம் ஒன்று கிளம்பியிருக்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்து லீவில் வருகிறவர்கள்! கோயில், புடவை, உறவினர் வீடு, இட்லி அத்தனையையும் ஒரே சனி, ஞாயிறில் முடித்துக்கொண்டு விமானம் ஏற வேண்டியவர்கள்.

என் அக்கா பெண்ணும் மாப்பிள்ளையும் இந்த மூன்றாவது ரகம். துபாயில் குடித்தனம். வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. அதில் இரண்டு நாளைக் காஞ்சிக்கு ஒதுக்கி, "சித்தி, நீங்கதான் கூட வரணும்" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து காஞ்சி சுமார் எழுபத்தைந்து கிலோ மீட்டர். அந்தத் தூரம் முழுவதும் அவள் துபாய் ஓய்வு நாட்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஓய்வு என்பது பெயருக்குத்தான்! 2022 ஜனவரி முதல் அங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை. சர்க்கார் ஆபீஸ்களில் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வேலை சரி. அன்று மாலையே ஒரு குழந்தையின் பிறந்த நாள். சனிக்கிழமை காலையில் ஜெபல் அலி கோயில். மத்தியானம் யாருக்கோ வளைகாப்பு. சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. ஞாயிறன்று, வேலை முடிந்து ஊர் திரும்புகிற குடும்பத்துக்கு விருந்து. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தால்தான் கொஞ்சம் இளைப்பாற முடியுமாம்.

"இவ்வளவு அலைச்சல் எதற்கடி?" என்றேன்.

"அங்க எனக்கு அத்தை, பாட்டி, நாத்தனார் எல்லாம் அவங்கதானே சித்தி? நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ரசம் வச்சுக் கொண்டு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க?" என்றாள்.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அங்கே ஒரு சங்கடம் உண்டு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே நாற்பது முகங்கள்தான். போன மாதம் கட்டிய புடவையை இந்த மாதம் கட்டினால் டெலிபோனில் எடுத்த போட்டோ காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் ஆறு பட்டுப் புடவைகளுக்கு ஜாபிதா தயாராக இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்து, பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் உறவினர் வீடுகளில் கழிந்தது. நாலு வீடு, நாலு காப்பி, இரண்டு சாப்பாடு! ஒரு வீட்டில் உண்டுவிட்டு மறு வீட்டில் கை நனைக்காமல் வந்தால் அந்த மனஸ்தாபம் அடுத்த லீவு வரையில் நீடிக்குமல்லவா? ஏகாம்பரநாதர் கோயிலில் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். கிட்டத்தட்ட 190 அடி உயரம். நிறைந்த வயிற்றோடு அண்ணாந்து பார்ப்பது சிரமமான காரியம்தான்.

சாயங்காலம் காந்தி ரோடு கடைகளுக்குப் போவதாக ஏற்பாடு. "முதலில் தறியைப் பார்; அப்புறம் கடையைப் பார்" என்று நான் பிடிவாதமாகப் பிள்ளையார்பாளையத்துக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். தெரிந்த நெசவாளர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

வாசலிலேயே தறிச் சத்தம் வரவேற்றது. கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டு அவர் நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் வாங்கிக் கொடுத்தது அவர் மனைவி. அரக்கு உடல், பச்சைக் கரை. காஞ்சிப் பட்டின் பெருமை இந்தக் கோர்வையில்தான் இருக்கிறது. உடல் ஒரு வர்ணம், கரை வேறு வர்ணம். மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு இழையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல. முந்தியை வேறு வர்ணப் பாவோடு இணைப்பது பேட்னி. இழை இழையாகச் சேர்த்தாக வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால், புடவை நைந்தாலும் கரை பிரியாது.

மாப்பிள்ளை இஞ்சினீயர். தறிக்கு மேலே தொங்கிய துளை போட்ட அட்டைகளைப் பார்த்ததும் அவர் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று துளைதான் உத்தரவு போடுகிறது என்று எங்களுக்குப் பிரசங்கமே செய்துவிட்டார்.

ஜரிகையைப் பற்றி நெசவாளர் சொன்னார். வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புப் பட்டு நூலின்மேல் சுற்றி, தங்க முலாம் பூசுவது அசல் ஜரிகை. சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளி விலை ஏறுகிறபோதெல்லாம் புடவை விலையும் ஏறுகிறது. நெய்கிறவர் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை.

"ஒரு புடவைக்கு எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள் எங்கள் பெண்.

"இந்தக் கோர்வைக்குப் பதினஞ்சு, இருபது நாள் ஆவும்மா. ரெண்டு பேர் உக்காரணும்."

"உங்க பிள்ளைக்கு இந்த வேலை தெரியுமா?"

"தெரியும். ஒரகடத்துல கார் கம்பெனிக்குப் போறான். மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. வான்னு கூப்பிட எனக்கு வாய் வரலம்மா."

அந்த அம்மாள் நூலை விட்டுக் கையை எடுக்காமலே சிரித்தாள். "எங்க கல்யாணத்துக்கு இவரே நெஞ்ச பொடவை பொட்டியில இருக்குது. நல்ல நாளு கெழமைன்னா இன்னிக்கும் அதையேதான் கட்டுவேன்" என்றாள்.

எங்கள் பெண் பதில் பேசவில்லை. கைப்பையிலிருந்த ஜாபிதாவை மட்டும் இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள்.

ஞாயிறு காலை வரதராஜப் பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் ஒரே கல்லாலான சங்கிலி, தங்கப் பல்லி, கோயில் இட்லி எல்லாம் உண்டு. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைத்த இட்லி அது. திருக்குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அத்தி வரதரைப் பற்றிப் பேச்சு வந்தது. நாற்பது வருஷம் நீருக்கடியில் சயனித்திருந்து, 2019-ல் ஜூலை முதல் தேதி வெளியே வந்து, 48 நாள் தரிசனம் தந்தார். இனி 2059-ல்தான்.

"பெருமாளே நம்மைப் போலத்தான். லீவு ரொம்பக் குறைச்சல்!" என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவரே விரல் விட்டு எண்ணி, "2059-ல் எனக்கு எழுபத்தாறு. துபாயில் வேலை உள்ளவரைக்கும்தான் வீஸா. அப்போ கட்டாயம் இந்தப் பக்கம்தான் இருப்போம்" என்றார். அந்தப் பேச்சில் சிரிப்பு இல்லை. திரும்பி வருகிற நாளில் இந்த ஊரில் தறிச் சத்தம் இருக்குமா என்று எங்கள் பெண் கேட்டாள். அதற்கு யார் பதில் சொல்ல முடியும்?

மாலை விமானம் இல்லையென்றால் எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கலாம். அவசரமில்லாதவர்களுக்கு ஏற்பட்ட கோயில் அது. நாங்கள் மறுபடி பிள்ளையார்பாளையம் போனோம். ஆறு புடவை ஒன்றாகிவிட்டது. மயில் கழுத்து உடல், அரக்குக் கரை, அசல் கோர்வை. நெய்து அனுப்புவதாகப் பேச்சு. அவள் விலையில் பேரம் பேசவில்லை, மாப்பிள்ளைதான் ஆச்சரியப்பட்டார்.

காஞ்சிக்குப் போகும் சகோதரிகளுக்கு என் யோசனை இதுதான். காஞ்சிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோர்வைதானா என்று கடையில் கேளுங்கள். கரையும் உடலும் சேருகிற இடத்தைப் புரட்டிப் பார்த்து விரலால் தடவுங்கள்.

மூன்று மாதம் கழித்து துபாயிலிருந்து போட்டோக்கள் வந்தன. பிறந்த நாள், வளைகாப்பு, கச்சேரி மூன்றிலும் அதே மயில் கழுத்துப் புடவை!

"யாரும் ஒண்ணும் சொல்லலையாடி?" என்று டெலிபோனில் கேட்டேன்.

"சொன்னாங்க சித்தி. எங்கே வாங்கினேன்னு கேட்டாங்க. நெஞ்சவங்க விலாசம் கொடுத்திருக்கேன். நாலு பேர் அடுத்த லீவுக்கு வராங்க" என்றாள்.