பெட்டிக்குள் இருக்கும் வேதியியல்

பழைய இரும்புப் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் மோதும் அந்த மணத்தை அறியாத இந்திய வீடுகள் குறைவு. பட்டுப் புடவைகள், குளிர்காலப் போர்வைகள், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கென மடித்து வைத்த மெல்லிய பழந்துணிகள். இடையிடையே நாலைந்து வெள்ளை உருண்டைகள். அந்துருண்டை, பாச்சை உருண்டை என்றெல்லாம் வழங்கும் அப்பொருள் பெரும்பாலும் நாப்தலீன்.

வேதியியல் மாணவருக்கு இது பழகிய பெயர். உருகுநிலை காணும் செய்முறையில் நுண்குழாயில் அடைபடுவது பலமுறை இதுவே. 80 பாகையில் உருகும், குறிப்பேட்டில் கையொப்பம் கிடைக்கும், அத்துடன் மறந்துபோகும். நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதன் வாய்பாட்டை 1826இல் ஃபாரடே கண்டறிந்தார். இரண்டு பென்சீன் வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்ட மூலக்கூறு. பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களுள் மிகச் சிறியது. கொதிநிலை 218 பாகை. ஆயினும் அறை வெப்பத்திலேயே திண்ம நிலையிலிருந்து நேராக ஆவியாகும். உருண்டை சிறுத்துப்போவதை எல்லாரும் காண்கின்றனர். அந்த நிறை எங்கே சென்றது என்று கேட்பவர் அரிது. துணியின் இழைகளுக்கும், அதை உடுத்துபவரின் மூச்சுக்கும் சென்றது.

உடலுக்குள் நாப்தலீன் நாப்தால்களாகவும் குயினோன்களாகவும் மாறுகிறது. இவை சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத் தாக்குதலுக்கு உள்ளாக்குகின்றன. அதைத் தாங்க அணுவுக்குக் குளுட்டாதயோன் வேண்டும். அதைப் புதுப்பிக்கும் ஆற்றலைத் தருவது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி. அந்நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்கள் உடைகின்றன. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடையே குறைபாடு மிகுதி. மலேரியா நீண்டகாலம் நிலவிய நிலப்பகுதிகளில் அது பரவலாக உண்டு, இந்தியாவிலும்தான். ப்ரைமாகுவின் மாத்திரை கொடுக்குமுன் இக்குறைபாட்டைச் சோதிக்கச் சொல்லும் மருத்துவம், பெட்டியைத் திறக்குமுன் எதையும் சொல்வதில்லை.

பச்சிளங்குழந்தைக்கு இடர் இரட்டிப்பு. உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபினை அதன் முதிராத கல்லீரலால் அகற்ற இயலாது. அளவு மீறினால் மூளை பாதிக்கப்படும். நாப்தலீன் ஆவியால் இரத்தச் சிதைவுக்குள்ளான 21 குழந்தைகளைப் பற்றிக் கிரேக்க மருத்துவர்கள் 1963இல் எழுதினர். இருவர் இறந்தனர். நொதிக் குறைபாடு அனைவருக்கும் இருக்கவில்லை என்பதே அதில் அச்சுறுத்தும் செய்தி.

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில், 2பி பிரிவில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலீன் உருண்டைகளை விலக்கியது. இங்கோ கைகழுவும் தொட்டியிலும் அது கிடக்கிறது. வெண்மையால் சூடமென்று மயங்குவோரும் உண்டு. நீரிலிட்டால் சூடம் மிதக்கும், நாப்தலீன் மூழ்கும். விழுங்கிய குழந்தைக்குப் பால் புகட்டுவது பலரின் முதல் எண்ணம். கொழுப்பு அதன் உறிஞ்சலைக் கூட்டும் என்பதால் அதுவும் தவறு.

அறிகுறிகள் உடனே தோன்றுவதில்லை. ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் கருக்கும், கண் மஞ்சளாகும். அதற்குள் பழந்துணி துவைக்கப்பட்டு, மணமும் போயிருக்கும். மருத்துவர் இரத்த வகை ஒவ்வாமையைத் தேடுவார், கிருமித்தொற்றைத் தேடுவார். குழந்தையை முதலில் எந்தத் துணியில் சுற்றினீர்கள் என்று அவர் கேட்டால், பாட்டிதான் பதில் சொல்ல வேண்டும். அவரோ பெரும்பாலும் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.