பழவேற்காட்டுப் படகும் என் காமிரா பாட்டரியும்

எங்கள் பொன்னேரித் தெருவுக்கு இருபது வருஷமாக மீன் கொண்டு வரும் அம்மாள் பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். போன மார்கழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கண்ணு, பொங்கல் கழிச்சு எங்க படகை வித்துடப் போறோம். கெயவனால முடியல. அதுக்குள்ள என்னையும் அவரையும் படகையும் வச்சு ஒரு போட்டோ புடிச்சுக் குடேன். போன்ல காட்டறது வேணாம், கழுவி கையில குடுக்கணும்" என்றார். மறுக்க மனம் வருமா?

மகன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய சின்ன டிஜிட்டல் காமிரா பீரோவில் மூன்று வருஷமாகத் தூங்கிக் கொண்டிருந்தது. "என் போனிலேயே எடுக்கலாமே" என்றார் என்னவர். ஆனால் தூரத்துப் பூநாரை போனில் வெறும் புள்ளியாகத்தான் விழுகிறது. இரவு முழுக்க சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை பஸ் ஏறினோம்.

பொன்னேரியிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். இறங்கினதும் கருவாட்டு வாசனை வரவேற்கும். சிலிகா ஏரிக்கு அடுத்தபடி நம் நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டின கெல்ட்ரியா கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்க, அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள்! அதைப் படம் பிடித்தேன். தண்ணீரில் ரோஜா நிறத்தில் நின்ற பூநாரைகளை ஏழெட்டுப் படம். பிறகு குப்பத்துக்குப் போய், புதுப்புடைவை கட்டி, தலை வாரி, படகோரம் காத்திருந்த தம்பதியர் முன் காமிராவைத் தூக்கினேன். லென்ஸ் உள்ளே இழுத்துக்கொண்டது. இருட்டு! மீண்டும் அழுத்தினால் அசையவே இல்லை.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. "சரி கண்ணு, சோறு சாப்ட்டுப் போ" என்றார். இறால் குழம்பு தொண்டையில் இறங்கவே இல்லை எனக்கு.

வீட்டுக்கு வந்து பாட்டரி மூடியைத் திறந்தால், பாட்டரி வெளியே வர மறுத்தது. தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஸ்பூனால் நெம்பப் போன என் கையை மகன் தட்டிவிட்டான். இது லித்தியம் பாட்டரி; உள்ளே வாயு சேர்ந்துதான் உப்புகிறதாம். குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பிடிக்கும். அப்படிப்பட்டதை இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டு நான் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்! தாழ்ப்பாளைத் தள்ளி, காமிராவைக் கவிழ்த்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டினோம். வழுக்கி விழுந்தது. வராவிட்டால் பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். கத்தி, குறடு கூடவே கூடாது. உள்ளே பித்தளைத் தகடுகளில் உப்புக் காற்றின் பச்சை லேசாக இருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்தேன்.

புது பாட்டரி வாங்கினது தனிக் கதை. பழையதன் மேல் அச்சிட்டிருந்த எழுத்தும் எண்ணும் அப்படியே பொருந்த வேண்டும், 3.7 வோல்ட் என்றால் அதே வோல்ட் வேண்டும். இதைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் ஒரு கடையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். பழையதில் 1000 எம்.ஏ.எச். என்றிருக்க, இதில் 2400 என்று போட்டிருந்தார்கள். அத்தனை சின்னப் பெட்டியில் இரண்டு மடங்குக்கு மேல் எப்படி அடங்கும் என்று யோசிக்காமல் மகிழ்ந்து போனேன்! கையில் வைத்தால் காகிதம் போல லேசு. முப்பது படத்தில், நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்தது. அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி, பில் போட்டு, ஆறு மாத உத்தரவாதத்தோடு எண்ணூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். எண்ணூறா என்று என்னவர் முனகினார். காமிராவைத் தூக்கிப் போடுவதற்கு அது மேல் இல்லையா?

இந்த முறை ஜாக்கிரதையாகப் பகலில், கண்ணெதிரே, தரையில் வைத்து சார்ஜ் செய்தேன். வீட்டிலேயே ஐம்பது படம் எடுத்துச் சோதித்தேன். எல்லாம் சமையலறைப் படங்கள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு மறுபடி பஸ். பழைய பாட்டரி கதையைக் கேட்ட அம்மாள், "ஏரில வீசிட வேண்டியதுதானே" என்றார். நாம் தின்கிற இறால் அந்த ஏரியில்தானே வளர்கிறது! முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, பிறகு மின்கழிவு வாங்குகிற இடத்தில் சேர்த்தேன் என்றேன். 2022-ல் வந்த சட்ட விதிப்படி பாட்டரியைக் குப்பையோடு போடக் கூடாது.

அன்று அவர் கணவர் பேசிக்கொண்டே இருந்தார். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எங்கே யார் சுத்து வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும். "எனக்கு நல்ல பாடு வந்த அன்னிக்கெல்லாம் இந்தப் படகுதான் சுமந்துச்சு" என்று விளிம்பைத் தடவிக் கொடுத்தார். படகில் ஒரு சுற்றுப் போகலாமா என்று என்னவர் ஆசைப்பட்டார். நான் வேண்டாமென்றேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

பதினாறு படம் எடுத்தேன். ஒன்றில் அவர் சிரிக்கிறார், ஒன்றில் அந்த அம்மாள் மீன் கூடையை வேண்டுமென்றே இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஸ்டூடியோவில் பெரிதாக அச்சுப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். பாட்டரி இல்லாமல் நாள் கணக்கில் கிடந்ததில் காமிரா தேதியை மறந்துவிட்டிருக்கிறது; நானும் சரிசெய்யவில்லை. மூலையில் மஞ்சளாக 2009 ஜனவரி என்று விழுந்திருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்றேன். அந்த அம்மாளின் பேரன், எட்டு வயசு, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கத்தினான்: "ஆயா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க!"

மாற்ற வேண்டாமென்று சொல்லி, படத்தைப் புடைவைத் தலைப்பால் துடைத்து உள்ளே எடுத்துப் போய்விட்டார்.