ஜெய்ப்பூர்: 41 நிமிடப் பாடம்

பிப்ரவரி நடுவில் ஒரு காலை. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பளிங்கு வளைவில் விழுந்திருக்கும் நிழலின் ஓரத்தைக் காட்டி, "மணி சரியாகப் பதினொன்று" என்கிறார் வழிகாட்டி. மாணவி ஒருத்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். 11.41. "எது தப்பு?" என்று இந்தியில் கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். "பழங்காலத்துக் கருவிதானே" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்.

இரண்டுமே தப்பில்லை. பள்ளிக்கூட வானவியலில் பாதி அந்த 41 நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

ஜெய்ப்பூர் நகரை உருவாக்கிய மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங், தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய ஐந்து ஊர்களில் வானாய்வுக் கூடங்கள் கட்டினார். அவற்றில் பெரியது இதுதான். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த இக்கூடத்தை 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தொலைநோக்கி பற்றி ஜெய்சிங்குக்குத் தெரியும். ஆனாலும் வெறும் கண்ணால் துல்லியமாக அளக்க, கருவிகளையே கட்டடம் போலப் பெரிதாக்கினார்.

அவற்றில் மிகப் பெரியது சாம்ராட் யந்திரம். 27 மீட்டர் உயர முக்கோணச் சுவர். இருபுறமும் அளவு பொறித்த வளைவுகள். நிழல் இங்கே ஒரு நிமிடத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது. கொஞ்சம் பொறுமையாக நின்றால் பூமி சுழல்வதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சுவரின் சரிவு 27 டிகிரி. ஏறத்தாழ அதுதான் ஜெய்ப்பூரின் அட்சரேகை. சரிவின் உச்சி நோக்கும் திசையில் இரவில் துருவ நட்சத்திரம் தெரியும். இதே கருவியைச் சென்னையில் கட்டினால் சரிவு 13 டிகிரி. கன்னியாகுமரியில் 8 டிகிரிதான்.

இப்போது அந்த மாணவியின் கேள்வி. நம் கடிகாரங்கள் காட்டுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். 1906 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. ஜெய்ப்பூர் இருப்பதோ 75.8 டிகிரியில். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகும். 6.7ஐ நான்கால் பெருக்கினால் சுமார் 27 நிமிடம். மிச்சம் 14 நிமிடத்துக்குக் காரணம் வேறு. பூமியின் பாதை சரியான வட்டமில்லை. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. அவள் நவம்பரில் வந்திருந்தால் வித்தியாசம் பத்தே நிமிடம்தான்.

அட்சரேகை, தீர்க்கரேகை, அச்சின் சாய்வு எல்லாமே பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் அவை ஒரு கேள்வியாக எதிரே வந்து நிற்பது இங்கேதான். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட்டால், மிஞ்சுவது புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய சுவர்.

எல்லாக் கூடங்களுக்கும் இந்த வாய்ப்பு மிஞ்சவில்லை. மதுராவில் இருந்தது அடியோடு அழிந்துவிட்டது. தில்லியில் சுற்றிலும் எழுந்த உயரமான கட்டடங்கள் வெயிலுக்குக் குறுக்கே நிற்கின்றன.

ஜெய்ப்பூர் வர முடியாதவர்களுக்கு ஒரு நேரான குச்சி போதும். வெட்டவெளியில் நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள் அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் ஜெய்ப்பூரில் அப்படி ஒரு நாள் வரவே வராது.

வரிசை நகர்ந்துவிட்டது. அந்த மாணவி மட்டும் நின்று, கடிகாரத்தையும் நிழலையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவளைக் கூப்பிட வந்த ஆசிரியை, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுக்கிறார்: "ரெண்டு மணியையும் எழுதிக்கோ. வகுப்பில் போய்க் கணக்குப் போடலாம்."